மொர்தெகாய் என்ற பெயரும் 300 ஏக்கர் நிலமும்: லிங்கன் குடும்பத்தின் ஏழு தலைமுறைத் தடம்

1859 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன் தன் வாழ்க்கைக் குறிப்பொன்றை எழுதி, இல்லினாய் நண்பர் ஜெஸ்ஸி ஃபெல்லிடம் கொடுத்தார். முன்னோர்களைப் பற்றி அதில் சில வரிகள்தான் உண்டு. பாட்டனார் பெயரும் ஆபிரகாம். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) 1781 அல்லது 1782 வாக்கில் கென்டக்கிக்கு வந்தவர். ஓரிரு ஆண்டுகளில், காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது பூர்வகுடி வீரர்களால் கொல்லப்பட்டார். அவருக்கு முந்தியவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வர்ஜீனியா போன குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர். அதற்கும் மேலே? நியூ இங்கிலாந்தில் இதே குடும்பப் பெயரோடு இருப்பவர்களுக்கும் தமக்கும் உறவு உண்டா என்று தேடிப் பார்த்ததாகவும், ஈனாக், லீவை, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்ற பெயர்கள் இரு பக்கமும் புழங்குகின்றன என்பதைத் தாண்டி உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் எழுதி முடித்துவிட்டார்.

அவர் நின்ற இடத்திலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது. நாட்டின் அதிபராகப் போகிறவர், தொழிலால் வழக்கறிஞர், நிலப் பத்திரங்களோடு நாள்தோறும் புழங்கியவர். அவருக்கே கொள்ளுப் பாட்டனுக்கு மேல் வழி தெரியவில்லை. பிற்பாடு வந்தவர்களுக்கு அந்த வழி திறந்தது. அவர்களுக்குக் கிடைத்தது புதிய பெயர்கள் அல்ல, தாய்ப்பத்திரங்கள். ஒரு குடும்பம் ஊர் விட்டு ஊர் போகும் ஒவ்வொரு முறையும், பழைய ஊரிலும் புதிய ஊரிலும் ஒரே நேரத்தில் கால் வைத்திருக்கும் ஓர் ஆவணம் வேண்டும். அது இல்லாமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தாவினால், வேறொருவருடைய குடும்பத்தில் போய் விழுவோம்.

திருமணப் பதிவு: தேடிய கவுண்டி தவறு

குடிவழி ஆய்வு எப்போதும் தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னால் நடக்க வேண்டும். ஆகவே முதலில் லிங்கனின் பெற்றோர், தாமஸ் லிங்கனும் நான்சி ஹேங்ஸும்.

லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை 1809-ல் ஹார்டின் கவுண்டியில் இருந்தது. தாமஸ் நிலம் வாங்கியதும் வரி கட்டியதும் அங்கேதான். எனவே பெற்றோரின் திருமணப் பதிவையும் எல்லோரும் ஹார்டினின் தலைமையிடமான எலிசபெத்டவுனில் தேடினார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காத வெற்றிடத்தில் வதந்தி வளர்ந்தது. அவர்கள் முறைப்படி மணந்தவர்களே அல்ல என்று அரசியல் எதிரிகள் பேசினார்கள். பதிவு இருந்தது பக்கத்திலுள்ள வாஷிங்டன் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றத்தில். 1870-களின் பிற்பகுதியில் அங்கிருந்த எழுத்தர் டபிள்யூ. எஃப். புக்கர் அதை எடுத்தார். 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமணப் பிணைப் பத்திரம், 50 பவுனுக்கு (இங்கே பவுன் என்பது தங்கம் அல்ல, பவுண்டுப் பணம்). பிணை நின்றவர் ரிச்சர்ட் பெர்ரி. ஜூன் 12-ல் மெதடிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி ஹெட் திருமணத்தை நடத்தி வைத்ததாக அவர் கொடுத்த பட்டியலும் கிடைத்தது. லிங்கன் அப்போது உயிரோடு இல்லை.

காரணம் எளியது. அக்காலக் கென்டக்கியில் திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டார் இருக்கும் கவுண்டியில்தான் பதிவாகும். நான்சி, பெர்ரி என்பவரின் குடும்பத்தாரோடு வாஷிங்டன் கவுண்டியில் இருந்தாள். மாப்பிள்ளை குடியிருந்த இடத்தில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பிணைப் பத்திரம் என்பது பணம் கட்டிய சீட்டு அல்ல. இந்தத் திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, இருந்தால் இத்தொகையைத் தருகிறோம் என்ற உறுதிமொழி. மாப்பிள்ளையோடு இன்னொருவர் கையெழுத்திடுவார். அவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தை, அண்ணன், மாமன் அல்லது காப்பாளர். ஆகவே பத்திரத்தை நகலெடுக்கும்போது மணமக்கள் பெயரோடு நின்றுவிடக் கூடாது. பிணையாளி யார், சாட்சி யார், தன் பெயருக்குப் பக்கத்தில் அவர் என்ன எழுதினார் என்பதையெல்லாம் எழுத்து மாறாமல் எடுக்க வேண்டும். ரிச்சர்ட் பெர்ரி தன் பெயருக்குப் பக்கத்தில் காப்பாளர் என்ற சொல்லைப் பிழையான எழுத்துக்கூட்டோடு எழுதியிருக்கிறார். நான்சியின் தாய்வழியைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் பெரிய வழிகாட்டி.

கவுண்டிகள் பிரிந்த வரலாறு இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறையிலும் குறுக்கே வருகிறது. அட்டவணை ஒன்றைப் போட்டு மேசையில் வைத்துக்கொள்ளாமல் வேலை தொடங்கவே கூடாது. 1780-ல் வர்ஜீனியாவின் கென்டக்கி கவுண்டி ஜெஃபர்சன், ஃபேயட், லிங்கன் என மூன்றாகப் பிரிந்தது. ஜெஃபர்சனிலிருந்து நெல்சன் பிரிந்தது. நெல்சனிலிருந்து 1792-ல் வாஷிங்டனும் 1793-ல் ஹார்டினும் பிறந்தன. ஹார்டினிலிருந்து 1843-ல் லாரூ வந்தது. லிங்கன் பிறந்த இடம் இப்போது லாரூவில் இருக்கிறது. நிலம் நகரவில்லை, பதிவேடு மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நிகழ்வு நடந்த ஆண்டில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்ததோ, அதன் நீதிமன்றத்தில்தான் பத்திரம் இருக்கும். (லிங்கன் கவுண்டி என்ற பெயரைக் கண்டு இந்தக் குடும்பத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது புரட்சிப் போர்த் தளபதி பெஞ்சமின் லிங்கனின் பெயரால் வந்தது. அவர் மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமைச் சேர்ந்த வேறு கிளை.)

மக்கள்தொகைக் கணக்கை நம்பி இறங்கினாலும் ஏமாற்றமே. கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புகள் அழிந்துவிட்டன. 1850-க்கு முந்தைய எல்லாக் கணக்கெடுப்பிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். கென்டக்கியில் இந்த இடைவெளியை நிரப்புவது ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட வரிப்பட்டியல்கள். இவற்றை ஒரே ஓர் ஆண்டுக்குப் பார்த்தால் பலன் குறைவு. பத்து ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பையன் எந்த ஆண்டு தலைக்கட்டுக்குள் வருகிறான், எந்த ஆண்டு பெயர் காணாமல் போகிறது, நிலம் யார் பெயருக்கு மாறுகிறது என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தெரியும்.

வில்லங்கம் துரத்திய குடும்பம்

தாமஸ் ஏன் கென்டக்கியை விட்டுப் போனார் என்பதற்கு மகன் சொன்ன விடை இரண்டு: அடிமைமுறை ஓரளவு, நிலப் பட்டாச் சிக்கல் முக்கியமாக. பத்திரங்கள் இரண்டாவதை அப்படியே உறுதி செய்கின்றன. 1803-ல் மில் கிரீக்கில் 238 ஏக்கர் என்று சொல்லி 118 பவுனுக்கு வாங்கிய நிலத்தை, 1814-ல் 200 ஏக்கர் என்று 100 பவுனுக்கு விற்றார். அளவு தப்பிய நிலம். அடுத்து வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங், 200 டாலர். அதன் உரிமையிலும் வழக்கு. மூன்றாவதாக நாப் கிரீக். அங்கிருந்தும் வெளியேற்றக் கோரி வழக்கு வந்தது. கென்டக்கியில் அரசு முதலில் நிலத்தை அளக்கவில்லை. வாங்குகிறவரே மரத்தையும் ஓடையையும் எல்லையாகக் காட்டி அளந்துகொள்ள வேண்டும். ஒரே நிலத்தின் மீது மூன்று நான்கு பட்டாக்கள் ஏறிக் கிடந்தன.

ஓஹியோ ஆற்றைக் கடந்தால் இந்தியானா. அங்கே மத்திய அரசு சதுரம் சதுரமாக அளந்து எண் போட்டு விற்றது. 1816-ன் கடைசியில் குடும்பம் அங்கே போனது. 1817 அக்டோபர் 15-ல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தாமஸ் பதிவு செய்த நிலம்: நகரியம் 4 தெற்கு, வரிசை 5 மேற்கு, பிரிவு 32, தென்மேற்குக் கால் பகுதி, 160 ஏக்கர். ஏக்கர் 2 டாலர் வீதம் 320 டாலர். முன்பணம் 16 டாலர். டிசம்பரில் 64 டாலர் சேர்த்துக் கட்டி முதல் தவணையான 80 டாலரை நிறைவு செய்தார். மீதியைக் கட்ட முடியாமல் பாதியை அரசிடம் திருப்பிக் கொடுத்து, 1827-ல் 80 ஏக்கருக்கு வில்லங்கமில்லாத பட்டா பெற்றார்.

இத்தகைய பொது நில மாநிலங்களில் ஆய்வாளரின் வேலை எளிது. மத்திய நில அலுவலகப் பட்டாக்கள் இணையத்தில் பெயர் கொண்டு தேடக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே கிடைப்பது பணம் கட்டி முடித்தவரின் பட்டா மட்டும். முன்பணம் கட்டிவிட்டுக் கைவிட்டவர் அதில் வரமாட்டார். அவருக்காகத் தவணைப் பதிவேடுகளையும் நில நுழைவுக் கோப்புகளையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். எல்லையில் குடியேறிய குடும்பங்களில் பாதியில் கைவிட்டவர்கள் ஏராளம் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது.

1785 மே 7: ஒரு சர்வே என்ன சொல்கிறது

தாமஸின் தந்தை கேப்டன் ஆபிரகாமுக்கு வருவோம். குடும்ப வாய்மொழிப்படி அவர் 1782 வாக்கில் வந்து 1784-ல் இறந்தார். அந்த ஆண்டுக் கணக்கு தவறு என்பதை ஒரு சர்வே காட்டிவிடுகிறது.

வர்ஜீனியா சட்டப்படி நிலம் பெற நான்கு படிகள்: கருவூலத்தில் பணம் கட்டி வாரன்ட் (நிலம் கோரும் உரிமைச் சீட்டு) வாங்குவது, குறிப்பிட்ட இடத்தைக் காட்டிப் பதிவு செய்வது, சர்வே, கடைசியாகப் பட்டா. நான்கும் நான்கு வேறு தேதிகள். நான்கு வேறு தாள்கள். வாரன்ட் வாங்கியவர் கென்டக்கியில் கால் வைத்தே இருக்க வேண்டியதில்லை. ஆகவே வாரன்ட் தேதியைக் குடியேற்றத் தேதியாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. 1780 மார்ச் 4-ல் 'ஆபிரகாம் லிங்க்ஹார்ன்' 160 பவுன் கட்டி 400 ஏக்கருக்கு வாரன்ட் எண் 3334 பெற்றார். நூறு ஏக்கருக்கு 40 பவுன். போர்க்காலக் காகிதப் பணம்.

சர்வே நடந்தது 1785 மே 7-ல், ஜெஃபர்சன் கவுண்டியில், ஃபிளாய்ட்ஸ் ஃபோர்க்கின் கிளையான லாங் ரன் ஓடையில். ஓடைக்கரைச் சர்க்கரை மேப்பிள் மரத்தில் தொடங்குகிறது. கிழக்கே 300 கோல் போய் ஒரு பாப்லர், ஒரு சர்க்கரை மேப்பிள். வடக்கே 213⅓ கோல், பீச், டாக்வுட். மேற்கே 300 கோல், வெள்ளை ஓக், ஹிக்கரி. தெற்கே 213⅓ கோல் இறங்கித் தொடங்கிய இடம். நான்கெல்லையைப் படித்ததும் கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு கோல் 16½ அடி. 160 சதுரக் கோல் ஓர் ஏக்கர். 300 × 213⅓ = 64,000 சதுரக் கோல்; 160-ஆல் வகுத்தால் சரியாக 400 ஏக்கர். கணக்கு இப்படி மூடவில்லை என்றால் நகலெடுத்தவர் ஒரு வரியை விட்டுவிட்டார் அல்லது எண்ணை மாற்றிப் படித்துவிட்டார் என்று பொருள். அப்போது மூலச் சர்வே தாளின் படத்தைத்தான் பார்க்க வேண்டும். கென்டக்கி நில அலுவலகம் வர்ஜீனியாக் காலச் சர்வேக்களையும் பட்டாக்களையும் ஃபிராங்க்ஃபோர்ட்டில் வைத்திருக்கிறது. பெரும்பகுதி இணையத்திலும் உண்டு.

தாளின் கீழ்ப்பகுதியை நிறையப் பேர் படிப்பதில்லை. உறவைச் சொல்வது அதுதான். சர்வேயர் வில்லியம் ஷானன். அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் ஹனனியா லிங்கன், ஜோசையா லிங்கன். மரங்களில் குறி வெட்டியவர் ஆபிரகாம் லிங்க்ஹார்ன். ஜோசையா அவருடைய இரண்டாவது மகன். ஹனனியா பென்சில்வேனியாவிலிருந்து வந்த உறவினர். சங்கிலி பிடிக்க வெளியாள் வைத்தால் கூலி, எனவே வீட்டாரையே நிறுத்துவார்கள். எல்லைப்புறத்தில் சங்கிலிக்காரர் பெயர்கள் கிட்டத்தட்ட உறவினர் பட்டியல். ஒரே தாளில் லிங்கன், லிங்க்ஹார்ன் என்ற இரு வடிவங்களும் இருப்பதையும் கவனியுங்கள். எழுத்துக்கூட்டு வேறு என்பதால் குடும்பம் வேறு என்று முடிவு செய்தவர்கள் இந்தச் சர்வேயையே தவறவிட்டிருப்பார்கள்.

1784-ல் இறந்தவர் 1785 மே மாதத்தில் மரத்தில் குறி வெட்ட முடியாது. அவர் இறந்தது 1786 மே என்பதே இப்போது ஏற்கப்பட்ட தேதி. பேரன் சொன்ன ஆண்டு தவறு என்பதால் வாய்மொழி முழுவதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. நிகழ்வு சரி, இடப்பெயர்கள் சரி, ஆண்டு மட்டும் தவறு. வாய்மொழியில் பெரும்பாலும் இப்படித்தான்: யார், எங்கே, ஏன் என்பவை நிற்கும், எப்போது என்பது வழுக்கிவிடும்.

அந்த ஓராண்டு இரண்டாண்டு வேறுபாடு தாமஸின் வாழ்க்கையை விளக்குகிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற பழைய சட்டத்தை வர்ஜீனியா 1785-ல் ஒழித்தது. ஆனால் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1-ல்தான். தந்தை இறந்தது அதற்குச் சில மாதங்கள் முன்பு. நிலமெல்லாம் மூத்தவரான மொர்தெகாய்க்குப் போனது. எட்டு வயது தாமஸ் கூலி வேலை செய்து வளர்ந்தார். தந்தை நிறைய நிலம் வைத்திருந்தும் மகன் ஏன் ஒன்றுமில்லாதவர் என்ற புதிருக்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இறந்த தேதி, அன்று நடைமுறையிலிருந்த வாரிசுச் சட்டம் இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் சொத்துப் பங்கீட்டை விளக்கவே முடியாது.

சொத்துப் பட்டியல் விஷயத்திலும் இதே பொறி உண்டு. அவர் இறந்த இடம் ஜெஃபர்சன் கவுண்டி. ஆனால் அசையும் சொத்தின் மதிப்பீடு நெல்சன் கவுண்டியில் பதிவாகியிருக்கிறது. விதவையும் ஐந்து குழந்தைகளும் உறவினர் இருந்த தெற்குப் பக்கம் போய்விட்டதே காரணம்.

வர்ஜீனியா: எரிந்ததும் எஞ்சியதும்

ராக்கிங்ஹாம் கவுண்டியின் பதிவேடுகளை 1864 ஜூனில், உள்நாட்டுப் போருக்குப் பயந்து வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோனார்கள். வழியில் வடவர் படை தீ வைத்தது. கருகிய தாள்கள் எஞ்சின, பல புத்தகங்கள் போயின. இங்கேயே பலர் ஆய்வைக் கைவிடுகிறார்கள். ஆனால் ராக்கிங்ஹாம் உருவானது 1778-ல். அதற்கு முன் அந்த நிலம் ஆகஸ்டா கவுண்டி; அதன் பதிவேடுகள் ஸ்டான்டனில் பத்திரமாக இருக்கின்றன. கேப்டன் ஆபிரகாமின் தந்தை ஜான் லிங்கன் 1768-ல் லின்வில் கிரீக்கில் 600 ஏக்கர் வாங்கியதும், 1773-ல் அவரும் மனைவி ரெபெக்காவும் மகன்கள் ஆபிரகாம், ஐசக் ஆகியோருக்கு அதிலிருந்து பங்கு எழுதிக் கொடுத்ததும் பிரிவுக்கு முந்தியவை. தந்தை மகனுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் உறவை வெளிப்படையாகச் சொல்லிவிடும். அதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

1780 பிப்ரவரியில் ஆபிரகாம் தன் 250 ஏக்கரை 5,000 பவுனுக்கு விற்றார். அந்தத் தொகையைக் கண்டு அவரைப் பெரும் செல்வர் என்று எழுதிவிடக் கூடாது. மதிப்பு சரிந்துகொண்டிருந்த காகிதப் பணம் அது. விற்கும் நிலத்தில் மனைவிக்கு அவளுக்கே உரிய மூன்றில் ஒரு பங்கு உரிமை உண்டு. அதை அவள் தனியே, கணவன் இல்லாத இடத்தில், கட்டாயமின்றி விட்டுக்கொடுத்தாள் என்று நீதிமன்றம் பதிய வேண்டும். ஆபிரகாமின் மனைவி பாத்ஷெபா அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது 1781 செப்டம்பரில். நீதிமன்றத்துக்கு வரும் நிலையில் அவள் இல்லாததால் அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பிக் கேட்டார்கள். இந்த ஒரு தாள் இரண்டு விஷயங்களைத் தீர்த்தது: விற்பனைக்குப் பிறகும் 1781 இலையுதிர் காலத்தில் அவள் இன்னும் வர்ஜீனியாவில்தான் இருந்தாள்; மனைவியின் பெயர் பாத்ஷெபா. ஆபிரகாமின் மனைவி மேரி ஷிப்லி என்று நெடுங்காலம் வம்சாவளிகளில் எழுதப்பட்டுவந்ததற்கு நிகரான பத்திரம் எதுவும் இல்லை. ஒரு கிரயப் பத்திரத்தை நகலெடுக்கும்போது அதோடு நின்றுவிடாமல், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் நீதிமன்ற உத்தரவுப் புத்தகத்தில் மனைவியின் உரிமைவிடுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெண்களின் பெயர் தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

300 ஏக்கர்: லிங்கன் காணாத முடிச்சு

இனி, அவர் நின்றுபோன இடம். 1848-ல் ஹிங்ஹாமைச் சேர்ந்த சாலமன் லிங்கன் கேட்டு எழுதியபோது, கொள்ளுப் பாட்டன் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா போனதாக மங்கலான ஒரு பேச்சு உண்டு என்று லிங்கன் நேர்மையாக எழுதினார். இருவரும் பெயர்களை ஒப்பிட்டார்கள். பென்சில்வேனியாவையும் மாசசூசெட்ஸையும் நேராக இணைக்கப் பார்த்தார்கள். நடுவில் நியூ ஜெர்சி இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

மாசசூசெட்ஸில் 1686-ல் பிறந்த இளைய மொர்தெகாய் நியூ ஜெர்சியின் மான்மத் கவுண்டிக்குப் போய் ஹன்னா சால்டரை மணந்தார். மூத்த மகன் ஜான் 1716-ல் பிறந்தார்; பின்னாளில் வர்ஜீனியாவில் நிலம் வாங்கிய ஜான் இவரே. டெபோரா என்ற குழந்தை மூன்று வயதில் இறந்தது. 1720 மே 15 தேதியிட்ட அவளுடைய கல்லறைக் கல் அங்கே இருக்கிறது. ஆகவே அந்தத் தேதியில் குடும்பம் இன்னும் ஜெர்சியில். அதன்பின் மொர்தெகாய் பென்சில்வேனியாவில் கவென்ட்ரி இரும்புப் பட்டறையில் சாமுவேல் நட், வில்லியம் பிரான்சன் ஆகியோரோடு பங்காளியாகிறார். 1725-ல் பங்கை விற்கிறார். பிறகு ஸ்கூல்கில் ஆற்றருகே நிலம், 1733-ல் வீடு, 1736-ல் மரணம்.

அவருடைய உயில் 1735/6 பிப்ரவரி 22 தேதியிட்டது. இந்தச் சாய்கோட்டைத் தூக்கிவிட்டு ஓர் ஆண்டை மட்டும் எழுதினால் கணக்கு குழம்பும். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகள் பழைய முறையில் முந்தைய ஆண்டு, இன்றைய முறையில் அடுத்த ஆண்டு. குவேக்கர் பதிவுகளில் 'முதல் மாதம்' என்பது அன்று மார்ச். உயிலைத் தேடும் இடமும் இன்னொரு கண்ணி. வீடு இருப்பது இன்றைய பெர்க்ஸ் கவுண்டியின் எக்ஸிடர். ஆனால் பெர்க்ஸ் 1752-ல்தான் பிறந்தது. எக்ஸிடர் 1741-ல் ஆமிட்டியிலிருந்து பிரிந்தது. 1736 உயில் பிலடெல்பியாவில்.

உயிலில் பென்சில்வேனிய நிலம் இரண்டாம் தாரத்து மகன்களுக்குப் போகிறது. முதல் தாரத்து மகன் ஜானுக்கோ ஜெர்சியில் 300 ஏக்கர். அவன் ஒதுக்கப்பட்டவன் போலத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் ஆய்வாளருக்குப் புதையல். 1748-ல் லங்காஸ்டர் கவுண்டி கர்னார்வன் நகரியத்து நெசவாளர் ஜான் லிங்கன், தன் தந்தை மொர்தெகாய் விட்டுச்சென்ற அந்த 300 ஏக்கரை வில்லியம் டை என்பவருக்கு விற்கிறார். பென்சில்வேனியாவில் வசிக்கும் ஒருவர், ஜெர்சி நிலத்தை, இன்னாருடைய மகன் என்ற உரிமையில் விற்கிறார். இடம், உறவு, தொழில் எல்லாம் ஒரே தாளில். தமிழில் மூலப்பத்திரம் தேடும் எழுத்தர் எவருக்கும் இதன் பெறுமதி உடனே விளங்கும்.

ஜெர்சி மொர்தெகாயை மாசசூசெட்ஸோடு கட்டுவது இன்னோர் உயில். சிட்யுவேட்டில் 1727-ல் இறந்த மூத்த மொர்தெகாய், ஊரில் இருந்த மகன்களுக்கு நிலத்தையும், வெளியே போன மொர்தெகாய், ஆபிரகாம் இருவருக்குப் பணத்தையும் எழுதினார். அந்த இரு பெயர்களும் சேர்ந்தே பென்சில்வேனியாவில் தென்படுகின்றன. இங்கே பெயர் ஒற்றுமைக்கு எடை வருகிறது, ஏனென்றால் இப்போது அது தனியாக நிற்கவில்லை. மூத்த மொர்தெகாயும் இரும்புத் தொழில்காரர். மகனும் அதே தொழில். ஆபிரகாம் என்ற பெயர் இந்தக் கிளைக்குள் நுழைந்த வாசலும் தெரிகிறது: மூத்த மொர்தெகாயின் மனைவி சாரா, ஹல் ஊர் ஆபிரகாம் ஜோன்ஸின் மகள். தாய்வழிப் பாட்டன் பெயர் ஐந்து தலைமுறை தாண்டி வெள்ளை மாளிகை வரை போயிருக்கிறது.

குவேக்கர் என்ற குடும்பப் பேச்சுக்கும் விளக்கம் உண்டு. ஜானின் தந்தைக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த தம்பி ஆபிரகாம் 1760-ல் ஆன் பூனை மணந்தார். ஆன், புகழ்பெற்ற எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் உறவு. குவேக்கர் எக்ஸிடர் கூட்டத்தின் குறிப்பேடு 1761-ல் ஆனை, சபைக்கு வெளியே மணந்ததற்காகக் கண்டிக்கிறது. அப்படியானால் மாப்பிள்ளை குவேக்கர் அல்ல. அண்டை வீட்டாரும் சம்பந்திகளும் குவேக்கர்களாக இருந்ததால், நூறாண்டில் அது குடும்பத்தின் மதமாகவே பேசப்பட்டுவிட்டது.

ஹிங்ஹாமில் நான்கு தாமஸ்

மாசசூசெட்ஸில் முதல் தலைமுறை சாமுவேல் லிங்கன். இங்கிலாந்தின் நார்ஃபோக், ஹிங்ஹாமில் 1622 ஆகஸ்ட் 24-ல் திருமுழுக்கு. 1637-ல் நாரிச் நெசவாளர் ஃபிரான்சிஸ் லாஸின் வேலையாளாகக் கப்பலேற்றம். பயணிகள் பட்டியலில் வயது 18. திருமுழுக்குப்படி அவருக்கு அப்போது பதினைந்துகூட நிரம்பவில்லை. திருமுழுக்குத் தேதி பிறந்த தேதி அல்ல என்பதால் சில ஆண்டு இடைவெளி இருந்திருக்கலாம். வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். இரண்டு எண்களையும் அப்படியே குறித்து, முரணைத் திறந்தே வைப்பதுதான் முறை. ஒன்றை அழித்து மற்றதை எழுதினால் அடுத்து வருபவருக்கு முரண் இருந்ததே தெரியாது.

புதிய ஹிங்ஹாமில் ஒரே காலத்தில் தாமஸ் லிங்கன் நால்வர். ஊரார் அவர்களை மாவு மில்காரர், நெசவாளர், பீப்பாய் செய்பவர், உழவர் என்று தொழிலால் பிரித்தார்கள். சாமுவேலின் அண்ணன் நெசவாளர் தாமஸ். தளபதி பெஞ்சமின் லிங்கன் பீப்பாய்க்காரரின் வழி. பத்திரத்திலிருந்து பெயரை மட்டும் எடுத்துத் தொழிலை விட்டுவிட்டால் இந்த நால்வரும் ஒருவராகிவிடுவார்கள். இணையத்தில் சுற்றும் பல வம்சாவளிகளில் நடந்திருப்பது அதுவே.

தாய்வழி

நான்சி ஹேங்ஸின் பக்கம் இப்படிப் பத்திரங்கள் வரிசையாகக் கிடைக்கவில்லை. நிலம் இல்லாத பெண்கள், உயிலில் இடம் பெறாதவர்கள். அவளுடைய தாய் லூசி ஹேங்ஸா, வேறு குடும்பத்து லூசி ஷிப்லியா என்ற தகராறு நூறாண்டுக்கு மேல் ஓடியது. 2015-ல் வெளிவந்த மைட்டோகாண்ட்ரிய மரபணு ஆய்வு அதில் ஒரு பக்கத்தை உறுதி செய்தது. இந்த மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். நான்சியின் ஒரே மகள் சாரா 1828-ல் பிரசவத்தில் இறந்ததால் நேர்வழி இல்லை. அதனால் லூசி ஹேங்ஸின் மற்ற மகள்கள் வழியில், மகள் மகளாக இறங்கிவந்து இன்று வாழ்பவர்களின் மாதிரியை, லூசியின் தாயாகக் கருதப்பட்ட ஆன் லீ ஹேங்ஸின் பிற மகள்கள் வழி வந்தவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் அரிதான எக்ஸ்1சி என்ற மரபணுக் குழு. லூசி, ஆன் லீ ஹேங்ஸின் மகள் என்பது இதனால் வலுப்பட்டது.

இத்தகைய சோதனைக்கு மாதிரி தருபவரிடமிருந்து மேலே உள்ள ஒவ்வொரு கண்ணியும் தாய்–மகள் உறவாகப் பத்திரத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஒரே ஓர் ஆண் வந்தாலும் அந்த வழி அறுந்துவிடும். பொருத்தம் தாய்வழி ஒன்று என்பதைச் சொல்லும், எத்தனை தலைமுறைக்கு முன் என்பதைச் சொல்லாது. நான்சியின் தந்தை யார் என்பதற்கு மைட்டோகாண்ட்ரியாவில் விடை இல்லை. அதற்கு ஏற்ற பத்திரமும் இதுவரை வர்ஜீனியாவின் எந்தக் கவுண்டியிலும் எடுக்கப்படவில்லை.